கடற்கரையில் எங்களுக்குக் கிடைத்த வாய்தா

(ஆதரவாளர் ஒன்றுகூடலில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

சில மாதங்களுக்கு முன் நம் ஆதரவாளர்களில் மூத்தவர் ஒருவர் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பல ஆண்டுகளாக மாதந்தவறாமல் காணிக்கை அனுப்புகிறவர். அன்போடுதான் எழுதியிருந்தார். "மருத்துவமனை வண்டி ஒரு சனிக்கிழமை இரவு கடற்கரைக் கூத்து ஒன்றுக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். நாங்கள் கொடுப்பது நோயாளிகளுக்காக. போதகரும் நர்ஸ் அம்மாவும் கூத்துப் பார்ப்பதற்கு அல்லவே" என்று கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். உங்களுக்குக் கணக்குச் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆகவே இன்றைக்கு அந்தக் கூத்தைப் பற்றியே பேசுகிறோம். முதலாவது, பணக்கணக்கு: அன்று மருத்துவமனைக்கு ஆன செலவு வண்டியின் டீசல் மட்டுமே. அதையும் எங்களில் நான்கு பேர் பங்கிட்டுக் கட்டிவிட்டோம். மற்றக் கணக்கு சற்று நீளமானது. தயவாய்ப் பொறுமையுடன் கேளுங்கள்.

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதம் பெண்கள் வார்டில் ஒரு சகோதரி படுத்திருந்தார். வயது நாற்பத்தெட்டு. பாம்பனுக்கு அருகே ஒரு கடலோரக் கிராமம். கடல்பாசி எடுப்பது அவருடைய தொழில். எங்கள் வட்டாரத்தாருக்கு இது தெரியும்; தூரத்திலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறோம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாறைகளிலும் பவளத் திட்டுகளிலும் மரிக்கொழுந்து என்று சொல்லப்படும் பாசியும் வேறு பல பாசிகளும் வளருகின்றன. பெண்கள் வள்ளத்தில் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, அதைக் கையால் பறித்து இடுப்பில் கட்டிய பையில் சேர்க்கிறார்கள். காயவைத்து விற்கிற அந்தப் பாசியிலிருந்து அகர் என்னும் பொருள் எடுக்கப்படுகிறது. ஐஸ்கிரீமிலும் இனிப்புகளிலும் அது சேருகிறது. நம் மருத்துவமனை ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கிறார்களே, அந்தத் தட்டில் இருப்பதும் அகர்தான். வார்டில் நோயாளியாய்ப் படுத்திருந்த அந்தச் சகோதரியின் தொழிலை நம்பியே நம் ஆய்வகம் நடக்கிறது என்பது எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது.

அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பாறை கீறிய காலை இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டுவிட்டார். வந்து சேர்ந்தபோது கால் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. டாக்டர் அம்மா ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது, தேவனுக்கு ஸ்தோத்திரம். பத்தாம் நாள் காலையில் நாங்கள் ஜெபிக்கப் போனபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஐயா, சனிக்கிழமைக்குள்ள என்னை வீட்டுக்கு அனுப்பிருவாகளா?"

ஏனம்மா அவசரம் என்று கேட்டோம். அவருடைய மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். ஊரில் கடலைப் பாதுகாப்பது பற்றி ஒரு கலை நிகழ்ச்சி நடக்கப் போகிறது. அதில் அவள் ஆவுளியா வேஷம் கட்டப் போகிறாள். கடல்பசுவைத்தான் எங்கள் கரையில் ஆவுளியா என்பார்கள். "நான் பார்க்கலைன்னா அழுவா ஐயா" என்றார். டாக்டர் அம்மா வீட்டுக்கு அனுப்ப மறுத்துவிட்டார். ஆனாலும் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கால் மண்ணில் படாமல், நர்ஸ் கூட இருந்து, இரவு பத்து மணிக்குள் திரும்புவதானால் போகலாம்" என்று அனுமதி கொடுத்தார். இப்படித்தான் மருத்துவமனை வண்டி கூத்துக்குப் போயிற்று. ஓட்டுநர், நர்ஸ், சமூகப் பணியாளர், போதகர் ஆக நான்கு பேர் அந்தச் சகோதரியுடன் போனோம்.

அது பெரிய விழா ஒன்றுமல்ல. மீன் காயப்போடும் மணல்வெளியில் நான்கு டியூப் லைட்டுகள், ஒரு ஜெனரேட்டர், படுதாவுக்குப் பதிலாகப் பழைய பாய்மரத் துணி. தப்பு அடித்தார்கள். வாலிபர் ஒயிலாட்டம் ஆடினார்கள். வயதான மீனவர் இருவர் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைப் பாடினார்கள். இப்போது எந்திரம் வலையை இழுப்பதால் அந்தப் பாட்டுத் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள் என்று அவர்களே சொன்னார்கள். பிறகு வில்லுப்பாட்டு. அதன் பின் நாடகம்.

நாடகத்தின் கதை எளியது. கடலுக்கடியில் கடலரசன் சபை கூடியிருக்கிறது. ஆமை வந்து முறையிடுகிறது: ஜெல்லிமீன் என்று நினைத்துப் பிளாஸ்டிக் பையை விழுங்கிவிட்டேன் என்று. பவளம் வந்து முறையிடுகிறது. கடல் அட்டை வருகிறது. ஆவுளியாவாக வேஷம் போட்ட பிள்ளை, சாம்பல் நிறத் துணி போர்த்திக்கொண்டு வந்து, எனக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் குட்டி, அதுவும் ஒன்றே ஒன்று, அந்தக் குட்டி வலையில் மூச்சுமுட்டிச் செத்தது என்று சொன்னபோது, எங்களோடு இருந்த தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஆவுளியா கடற்புல்லை மேய்ந்து வாழ்கிற சாதுவான பிராணி. குட்டிக்குப் பால் கொடுக்கிறது. மூச்சுவிட மேலே வர வேண்டும். வலையில் மாட்டிக்கொண்டால் மூழ்கிப்போகும். அந்தப் பிள்ளை இதையெல்லாம் தப்பில்லாமல் சொன்னாள்.

பிறகு குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றினார்கள். விசைப்படகு முதலாளி ஒருவர். பிளாஸ்டிக் பை வியாபாரி ஒருவர். மூன்றாவதாக, முக்காடு போட்டு, இடுப்பில் பை கட்டிய ஒரு பெண். பாசி எடுப்பவள். பவளத்தைச் சுரண்டி நாசம் செய்தவள் என்று அவள்மேல் குற்றம். அந்தக் குற்றத்தை வாசிக்க வேண்டியது ஆவுளியாவின் பங்கு. மகள் வாசித்தாள். தாய் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாடகத்தை எழுதியவர்கள் நகரத்திலிருந்து வந்த நல்ல வாலிபர்கள். மனதாரத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அப்பொழுது நாற்காலியில் காலை நீட்டி அமர்ந்திருந்த எங்கள் நோயாளி சத்தமாகப் பேசிவிட்டார். "நானும் பேசலாமா?" என்று கேட்டார்.

வில்லுப்பாட்டுக்காரர் அனுபவசாலி. நாடகத்தை நிறுத்தாமல் அதையே நாடகமாக்கிவிட்டார். "சபையில் சாட்சி வந்திருக்கிறது, வழிவிடுங்கள்" என்றார். நர்ஸ் ஒரு பக்கமும் ஓட்டுநர் ஒரு பக்கமும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் அவரைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவர் சொன்னதை எங்கள் சமூகப் பணியாளர் அன்றிரவே எழுதி வைத்தார்:

"எம் மக சொன்னதுல பாதி சரிதேன். முந்தி நாங்க கம்பி வச்சுச் சொரண்டித்தேன் பாசி எடுத்தோம். பவளம் ஒடையும்னு தெரியாது. தெரிஞ்ச பெறகு விட்டுட்டோம். இப்பக் கையாலதேன் எடுக்கிறோம். அமாவாசைக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளு. மத்த நாளு போறதில்லை. மீன்பிடித் தடைக்காலத்துலயும் போறதில்லை. யாரும் சட்டம் போட்டுச் சொல்லலை, நாங்களே கூடிப் பேசி வச்சுக்கிட்டது. இதை ஏன் நாடகத்துல போடலை?"

கூட்டம் கைதட்டியது. அவர் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தோம். உட்காரவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார்.

"எங்களைக் கூண்டுல ஏத்துனீக. ஆசுபத்திரிய யாரு ஏத்துறது? என் காலைக் காப்பாத்திக் குடுத்தாக, அதை உசிர் உள்ளமட்டும் மறக்க மாட்டேன். ஆனாப் பத்து நாளாப் பாக்கேன், பொழுது சாஞ்சாச் சமையக்கட்டுப் பின்னாடி பொகை. பிளாஸ்டிக்குப் பொகை. மிச்சம் மீதி காத்துல பறந்து ஓடைக்குப் போகுது. ஓடை எங்க போகுது? கடலுக்குத்தானே?"

பிரியமானவர்களே, அந்த நிமிஷம் எங்கள் கையில் இருந்தது என்ன தெரியுமா? ஓட்டுநர் வாங்கி வந்து கொடுத்த டீ. பிளாஸ்டிக் கப்பில்.

கடலரசன் வேஷம் போட்டிருந்த வாலிபர் கொஞ்ச நேரம் யோசித்தார். எழுதிவைத்திருந்த தீர்ப்பை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். "சாட்சி புதிதாக வந்திருப்பதால் தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு இதே மாதம் இதே கரையில் மறுபடியும் சபை கூடும். கூண்டில் ஏறியவர்களும், ஏறாமல் உட்கார்ந்திருப்பவர்களும் வந்து, இடையில் என்ன செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும்" என்றார். எங்களுக்கும் சேர்த்து வாய்தா கிடைத்துவிட்டது.

நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் போய் ஒரு கதை சொன்னதை நீங்கள் அறிவீர்கள். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதை. ராஜாவுக்குக் கோபம் மூண்டது; அந்த மனிதனுக்குத் தீர்ப்பும் சொல்லிவிட்டார். பிறகுதான், அந்த மனிதன் தானே என்று தெரிந்தது. நேரடியாகக் குற்றம் சாட்டியிருந்தால் ராஜா கேட்டிருப்பாரா என்பது சந்தேகமே. கதையாக வந்ததால் கேட்டார். எங்களுக்கும் அன்று அப்படியே நடந்தது. பிளாஸ்டிக் கழிவு குறித்து எங்களுக்குச் சுற்றறிக்கைகள் வந்ததுண்டு. கருத்தரங்குக்கும் போயிருக்கிறோம். ஒன்றும் மனதில் தைக்கவில்லை. மணலில் உட்கார்ந்து பார்த்த ஒரு நாடகம் தைத்தது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் நாங்கள் சமையற்கட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தப் புகை நாங்கள் அறியாதது அல்ல. ஒவ்வொரு மாலையும் ஆண்கள் வார்டுக்கு ஜெபிக்கப் போகிற வழி அதுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோய், உள்ளே மூச்சிரைப்போடு படுத்திருப்பவருக்காக ஜெபித்துவிட்டு வந்திருக்கிறோம். இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

மருத்துவக் கழிவுகளுக்கு 1998ஆம் ஆண்டிலேயே சட்டவிதிகள் வந்தன. 2016இல் புதிய விதிகள் வந்தன. ஊசி, குளுக்கோஸ் பாட்டில், கட்டுத்துணி இவையெல்லாம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து, அதற்குரிய வண்டியில் போய்விடுகின்றன. அதில் குறையில்லை. எரிந்தது வேறு: நோயாளிகளோடு வருகிறவர்கள் வாங்கிவருகிற சாப்பாட்டுப் பொட்டலம், சாம்பார் கட்டிய பை, டீ கப், தண்ணீர்ப் பாக்கெட், மருந்து அட்டை. தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிகிற 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்ற இயக்கத்தைத் தொடங்கியது. சட்டம் வாசலில் நின்றது. நாங்கள் பின்பக்கம் கொளுத்திக்கொண்டிருந்தோம்.

அன்று முதல் அந்தத் தீ அணைந்தது. காண்டீனில் எவர்சில்வர் டம்ளர் வந்தது. உடன் இருப்பவர்களுக்குத் தூக்குச்சட்டி வாடகையில்லாமல் கொடுக்கிறோம். திரும்பக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். தொலைந்தவை பதினொன்று மட்டுமே. மாதர் சங்கத்துச் சகோதரிகள் பழைய புடவைகளில் பை தைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகிற நோயாளி மருந்தை அதில் கொண்டுபோகிறார். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். வெளியிலிருந்து வருகிற பொட்டலம் இன்னும் வருகிறது. ஈரக் குப்பையும் உலர் குப்பையும் இன்னும் சில நாள் கலந்துவிடுகின்றன. கேட்டால் தலைகுனிகிறோம்.

இனி அந்தக் கடலைப் பற்றிச் சில வார்த்தைகள். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் வரிசையாய் இருக்கின்றன. குருசடை, மனோலி, முயல் தீவு, முல்லி, அப்பா, நல்லதண்ணி என்று ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. 1986இல் இது கடல்வாழ் தேசியப் பூங்காவாயிற்று. 1989இல் சுமார் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ அதை உலகப் பட்டியலில் சேர்த்தது. 3,600க்கும் அதிகமான உயிரினங்களும் 117 வகைப் பவளங்களும் இங்கே கணக்கிடப்பட்டுள்ளன. இந்த 21இல் இரண்டு தீவுகள், விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும், இப்போது தண்ணீருக்குள் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியமான காரணம். அலையை முறிக்கிற பாறை போனபின் மணல் நிற்கவில்லை.

அது மட்டுமா? 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போயின. அந்தச் சூட்டை மூட்டியவர்கள் பாசி எடுக்கும் பெண்கள் அல்லர். தொழிலுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் என்ற பாசி, குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின்மேல் படர்ந்து மூடுவதாக 2008இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். அதையும் இந்தப் பெண்கள் கொண்டுவரவில்லை. ஆனால் தீவுகளுக்குப் போகக் கூடாது என்று தடை இறுகியபோது முதலாவது பசியோடு கரையில் நின்றவர்கள் அவர்கள்தான். அப்படியிருந்தும், கம்பியை விட்டுவிட்டுக் கையால் பறிப்பது, நாளைக் குறைப்பது என்று தங்களுக்குள் ஒழுங்கு செய்துகொண்டார்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் சகோதரிக்கு 2015ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள சீகாலஜி என்ற அமைப்பு விருது கொடுத்துக் கனப்படுத்தியது. இங்கே பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அவர்கள் அருமை தெரிய ஒரு நாடகம் தேவைப்பட்டது.

இப்பொழுது, சபை இதில் ஏன் கலந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். மூன்று காரணம் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, வேதாகமத்தில் தேவன் கொடுத்த முதல் ஆசீர்வாதம் யாருக்கு என்று ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். மனிதனுக்கு அல்ல. ஐந்தாம் நாளில் கடலின் ஜீவன்களையும் பறவைகளையும் பலுகும்படி ஆசீர்வதித்தார். நாம் ஆறாம் நாளில் வந்தவர்கள். முந்தி ஆசீர்வாதம் பெற்றவைகளைப் பிந்தி வந்த நாம் அழிக்கலாகாது. கரையில் நம்மோடு உட்கார்ந்திருந்த இந்துச் சகோதரரும் இஸ்லாமியச் சகோதரரும் தங்கள் வழியில் இதையே சொன்னார்கள். ஒரே மணலில் உட்கார்ந்து ஒரே காரியத்துக்காக வருத்தப்பட்டோம். அதுவும் தேவன் கொடுத்த ஈவு.

இரண்டாவது, கூத்தும் பாட்டும் நம் சபைக்குப் புதியதல்ல. இராமநாதபுரத்தில் இன்றும் எந்த மிஷனரியின் பேரில் பள்ளிக்கூடம் நடக்கிறதோ, அந்தச் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். அவர் பெத்லேகம் குறவஞ்சி பாடினார். குறவஞ்சி நாட்டாரின் ஆடல்பாடல் வடிவம். அதற்குள் சுவிசேஷத்தை மட்டுமல்ல, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்கிற அந்நாளைய புது விஞ்ஞானத்தையும் வைத்தார். நம் காலத்திலும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருட்திரு. தியோபிலஸ் அப்பாவு கிராமத்து மெட்டிலும் பறையிலும் ஆராதனை செய்ய வழிகாட்டினார். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நம் கிராமங்களில் எழுத்தறிவைப் பரப்பியதும் பாட்டோடும் வீதி நாடகத்தோடும்தான். 2016 ஆகஸ்ட் 15 முதல் பாம்பனில் மீனவருக்கென்று கடல் ஓசை என்ற சமுதாய வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. கடலைப் பற்றி மீனவர் பேச்சிலேயே பேசுகிறது. கரையின் ஜனங்கள் தங்கள் பாஷையில் பேசும்போது கேட்க நாம் அங்கே இருக்க வேண்டாமா?

மூன்றாவது, நம்மிடம் யாரும் நேரே சொல்லத் துணியாத காரியத்தை அங்கே சொல்வார்கள். பத்து நாள் எங்கள் வார்டில் கிடந்த அந்தச் சகோதரி புகையைப் பற்றி எங்களிடம் வாய் திறக்கவில்லை. சோறும் மருந்தும் கொடுக்கிற இடத்தைக் குறை சொல்ல ஏழைக்கு எப்படி மனம் வரும்? மணல்வெளியில், தன் ஊரார் நடுவில், தன் மகளுக்கு முன்னால் அவருக்குத் தைரியம் வந்தது. உதவி செய்கிறவர்களாகிய நாம் அனைவரும் இதை நன்றாய் யோசிக்கவேண்டும். கொடுக்கிற இடத்தில் இருப்பவன் காதில் உண்மை எளிதில் விழாது. அது விழுகிற இடத்துக்கு நாமே நடந்துபோக வேண்டும்.

போகிறவர்களுக்கு, நாங்கள் தப்புச் செய்து கற்றுக்கொண்ட சில யோசனைகள். முன்வரிசை நாற்காலி போட்டால் வேண்டாமென்று சொல்லி மணலில் உட்காருங்கள். கடைசிவரை இருங்கள், பாதியில் எழுந்தால் பிள்ளைகள் மனம் நோகும். துண்டுப்பிரசுரம் கொடுக்க அந்த நேரத்தைப் பயன்படுத்தாதீர்கள். எங்களில் ஒருவர் கொண்டுவந்திருந்ததை வண்டியிலேயே வைத்துவிட்டோம், அங்கே நாங்கள் விருந்தாளிகள். மைக் கேட்காதீர்கள். தண்ணீர் கொண்டுபோனால் செம்பிலோ கூஜாவிலோ கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் ஒழிப்பு நாடகத்துக்குப் பிளாஸ்டிக் பேனர் கட்டி, நூறு தண்ணீர்ப் பாட்டில் வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிற நிகழ்ச்சிகளும் உண்டு; அவைகளைக் கண்டு சலித்து, எல்லாமே வேஷம் என்று தள்ளிவிடாதீர்கள். தப்பு அடிக்கிற கலைஞர் அன்றைய கூலியை விட்டு வந்திருப்பார். உங்கள் கைக்கு எட்டினதைச் சத்தமில்லாமல் அவர் கையில் கொடுங்கள்.

அந்தச் சகோதரி மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போனார். காயம் ஆறிவிட்டது. உப்புத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் அம்மா இன்னும் விடவில்லை; இப்போது மற்றப் பெண்கள் கொண்டுவருகிற பாசியைக் காயவைத்துத் தரம் பிரிக்கிறார். வரும்படி பாதியாகிவிட்டது. அவருடைய சர்க்கரை நோய்க்கான மருந்து உங்கள் காணிக்கையிலிருந்து போகிறது. அடுத்த ஊரில் அந்த நாடகத்தைப் போட்டபோது, வாலிபர்கள் அவர் வீட்டுக்கே வந்து, பாசி எடுக்கும் பெண்ணின் பங்கைத் திருத்தி எழுதிக் கொண்டுபோனார்கள். சாட்சி சொல்கிற வேஷத்துக்கு அவரையே கூப்பிட்டார்கள். மகள் ஆவுளியா, தாய் சாட்சி. எங்களுக்கு வரும்போது சொல்லிச் சிரித்தார்.

வருகிற செப்டம்பரில் எங்கள் வாய்தா. டாக்டர் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சமையற்கட்டில் வேலை செய்கிற இரண்டு சகோதரிகளும் வருகிறார்கள். தீயை அணைத்ததும், அணைத்தபின் குப்பையைச் சுமந்ததும் அவர்கள்தான். ஆகவே அவர்களே பேசுவார்கள். என்ன செய்தோம், எதைச் செய்யவில்லை என்று ஊராருக்கு முன் சொல்லப் போகிறோம். வெட்கமாய்த்தான் இருக்கும்.

கடிதம் எழுதிய பெரியவருக்கு நாங்கள் பதில் எழுதினோம். அவரையும் அழைத்தோம். வருகிறேன், வண்டியில் ஓர் இடம் வையுங்கள் என்று எழுதியிருக்கிறார். உங்களில் வரக்கூடியவர்கள் வாருங்கள். வர முடியாதவர்கள் உங்கள் ஊரில், ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ, பள்ளிப் பிள்ளைகள் போடுகிற இப்படிப்பட்ட நாடகத்துக்குப் போய்க் கீழே உட்காருங்கள்.

எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாயின் கால் பூரணமாய்க் குணமாகும்படியும், கடலுக்குப் போகிறவர்கள் சுகமாய்த் திரும்பி வரும்படியும், நாங்கள் சொல்லப்போகிற சாட்சி உண்மையாயிருக்கும்படியும் ஜெபியுங்கள்.  கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.